எதிர்பார்த்திருக்க வேண்டுமா?

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடும்ப நீதிமன்றத்தில் 2007ஆம் ஆண்டு ஒரு விசித்திர வழக்கு. மொராக்கோ வம்சாவளியினரான அப்பெண் ஜெர்மனியிலேயே பிறந்தவர். இரு பிள்ளைகளின் தாய். கணவரோ மொராக்கோ நாட்டவர். அடியும் கொலை மிரட்டலும் தாளாமல் பிரிந்த அவர், ஓராண்டுக் காத்திருப்பின்றி உடனே மணவிலக்கு வேண்டினார். தாங்கொணாத் துன்பம் இருப்பின் அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடந்தருகிறது. நீதிபதியும் ஒரு பெண்தான். ஆயினும் மறுத்துவிட்டார். மனைவியைத் தண்டிப்பது கணவரின் சமூக வழக்கமாம். அதை இப்பெண் எதிர்பார்த்திருக்க வேண்டுமாம். இதற்குத் திருமறையின் 4:34ஆம் வசனத்தையே சான்று காட்டினார்! மார்ச் மாதம் செய்தி வெளியாகிக் கண்டனம் எழவே, வழக்கிலிருந்து அவர் நீக்கப்பட்டார். வன்முறை இஸ்லாத்திலும் மணவிலக்குக்குரிய காரணமே என்று ஜெர்மன் முஸ்லிம்களின் மத்திய கவுன்சில் எடுத்துரைத்தது.

குடியேறியோரின் வழக்கத்தை மதிப்பதாக எண்ணி, மண்ணின் பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பை இவருக்கு மறுத்தார் நீதிபதி. அடிபடும் உடலுக்கு வம்சாவளி ஏது? அவர் மேற்கோள் காட்டிய மொராக்கோவிலேயே, கணவனால் தீங்குற்ற மனைவி மணவிலக்குக் கோரலாம் என 2004ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் கூறுகிறது. ஜெர்மானியர் மட்டும் என்ன? மனைவியைப் பலவந்தப்படுத்துவது அங்கே வன்புணர்ச்சிக் குற்றமானது 1997இல்தான். 2004இல் வெளியான அரசு ஆய்வில், 10,000க்கும் மேற்பட்ட பெண்களில் நால்வரில் ஒருவர் துணைவரின் வன்முறையைக் கண்டவர். துருக்கியப் பெண்களிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

அவ்வசனத்தை ஆயுதமாக ஏந்துவோர் நம்மிலும் உண்டு. காயப்படுத்தும் அடிக்கு விரிவுரையாளர்கள் இடமளிக்கவில்லை. அடிக்காமலிருப்பதையே விரும்பினார் இமாம் ஷாபிஈ (ரஹ்). நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் தம் கரத்தால் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கணவர்மீது முறையிட்டுப் பெண்கள் பலர் நாயகத்தின் இல்லத்துக்கு வந்தபோது, அக்கணவர்கள் உங்களில் சிறந்தோர் அல்லர் என்றே நபிகளார் கூறினார்கள். எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று அப்பெண்களிடம் கூறவில்லை.

நம் நாட்டில் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம், வழக்கமாக அடிக்கும் கணவனிடமிருந்து விடுதலை பெற மனைவிக்கு வழி வகுத்திருக்கிறது. ஆனால் காயத்தோடு ஜமாஅத்தின் வாசலில் நிற்கும் பெண்ணிடம், "நீ என்னம்மா செய்தாய்?" என்பதுதானே பல ஊர்களில் முதல் கேள்வி? அந்த நீதிபதியைக் கடிந்துகொண்ட நாம், இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?