விளையில் புதைத்த குழந்தை

தென்கேரளத்தின் கோட்டுகால், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் இறந்தவரை வீட்டு விளையிலேயே அடக்குவது பல குடும்பங்களின் வழக்கம். பத்து சென்ட் மனையிலும் தென்னை மூட்டில் அதற்கு இடமிருக்கும். கல்யாணமான பெண்ணுக்கு இறந்து பிறந்த குழந்தையையும் அங்கேயே புதைப்பதுண்டு. அக்கம்பக்கத்தார் வந்து ஆறுதல் சொல்வார்கள். கல்யாணமாகாதவளோ, கணவன் விட்டுப்போனவளோ அதே மண்ணில் ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்தால் போலீஸ் வரும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. குழந்தை பிறக்குமுன் இறந்ததா, பிறந்தபின் இறந்ததா என்பது அதற்குப் பொருட்டில்லை. பிறப்பை மறைக்கவென்று ரகசியமாகப் புதைத்தாலே இரண்டு ஆண்டு வரை சிறை. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 318-ஆவது பிரிவுதான் 2024 ஜூலையில் எண் மாறி வந்திருக்கிறது. மறைத்தாக வேண்டிய கட்டாயம் யாருக்கு வரும்? பெரும்பாலும் ஊர்வாய்க்குப் பயந்தவளுக்கு.

சிசுவைக் கொன்றவர்களைத் தப்பவிடலாமா என்று கேட்பது நியாயம்தான். உயிரோடு பிறந்த குழந்தைக்கு நீதி வேண்டும். உயிரோடு பிறந்ததா என்பதை எப்படி அறிவது? நுரையீரலைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது பழைய பரிசோதனை. மிதந்தால் குழந்தை மூச்சுவிட்டது என்று கொள்வார்கள். அழுகத் தொடங்கிய நுரையீரலும் மிதக்கும். பதறிப்போய் வாயோடு வாய் வைத்து ஊதியிருந்தாலும் மிதக்கலாம். காப்பாற்றப் பார்த்ததே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும்!

சத்தீஸ்கரில் தனியே வாழ்ந்த ஒரு பெண், குட்டையில் கிடந்த சிசுவைக் கொன்றதாக ஆயுள் தண்டனை பெற்றார். அது அவர் குழந்தை என்பதற்கே உறுதியான சான்றில்லை. உயர் நீதிமன்றமும் தண்டனையை ஏற்றது. 2023 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் விடுவித்தது: நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு, தன் அந்தரங்கத்தை விளக்கும் கடமை அவருக்கில்லை என்றது. அதுவரை இழந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. ஆகவே பாதுகாப்பு வேண்டியது ஸ்டேஷன் வாசலில்.

முன்மாதிரி நம்மிடமே உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. மாறாக நிரூபித்தாலொழிய வழக்கும் தண்டனையும் கிடையாது. பிள்ளையை இழந்தவளுக்கும் அப்படி ஒரு அனுமானம் இருக்கட்டும். ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவளை முதலில் விசாரிக்க வேண்டியவர் டாக்டர்.

கொன்றதற்குச் சான்று கிடைத்தால் கொலைப் பிரிவு இருக்கவே இருக்கிறது. கொலை நிரூபணமாகாத தாயையும் பிறப்பை மறைத்ததற்காக இரண்டு ஆண்டு வரை உள்ளே வைக்கலாம் என்று 1803-இல் இங்கிலாந்து சட்டம் செய்தது. நம் 94-லும் அதே இரண்டு ஆண்டு. புதுச்சட்டம் எழுதியபோதே இந்தப் பிரிவை நீக்கியிருக்கலாம்.