வெள்ளை என்று நம்பியது

குண்டு பல்பின் வெளிச்சத்தில் நீலம் குறைவு. மஞ்சளும் சிவப்பும் அதிகம். பகல் வெளிச்சம் அப்படியில்லை. ஆனாலும் இரண்டிலும் வேட்டி நமக்கு வெள்ளைதான். வருகிற ஒளியில் எந்த நிறம் மிகுந்திருக்கிறதோ, அதை உணரும் கூம்புச் செல்கள் தங்கள் கூர்மையைத் தணித்துக்கொள்கின்றன; மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஃபான் கிரீஸ் 1902-இல் இதற்கு ஒரு விதியே வகுத்தார். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரே பொருள் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் தெரியும். ஆனால் மாற்றம் நமக்குள்ளேயே நடக்கும்போதும் அதே ஏற்பாடு அதை மறைத்துவிடுகிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளாகி, நீல ஒளியைத் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பதால் மூளையும் கூடவே ஈடுகட்டிக்கொண்டு போகிறது. அம்மா ஒருநாளும் நிறத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை. ஒரு கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்த பிறகுதான், கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துவிட்டு, “இந்தக் கண்ணுக்கு உன் சட்டை வெள்ளை, அந்தக் கண்ணுக்கு டீ கொட்டின மாதிரி இருக்குடா” என்றாள். அறுவைக்கு முந்தின நாள்வரை அந்தக் கண்ணுக்கும் அது வெள்ளைதான்.

ஓவியர் மோனே 1890-களில் ரூவான் நகரப் பேராலயத்தை முப்பது தடவைக்கு மேல் வரைந்தவர். வெளிச்சம் நகர நகரக் கித்தானை மாற்றுவார். கல்லின் நிறத்தை அல்ல, அந்த நேரத்து ஒளியின் நிறத்தையே பிடிக்கப் பார்த்தார். அவருக்கே 1912-இல் கண்புரை என்று தெரிந்தது. பிறகு வண்ணக் குழாய்களின் மேல் எழுதியிருந்த பெயர்களையும், தட்டில் வண்ணங்களை வைக்கும் பழகிய வரிசையையும் நம்பி வரைந்தார். 1923-இல் வலக்கண்ணில் அறுவை நடந்தபின், நீலம் மிகுந்து தெரிகிறதென்று தவித்தார்.

அந்தக் குழாய்ப் பெயர்களை நான் அடிக்கடி நினைக்கிறேன். கண் நன்றாயிருந்த காலத்தில் ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு, கண் தவறியபோது அவருக்குக் கை கொடுத்தது. எது நியாயம், எவ்வளவு போதும், யாரிடம் எத்தனை கடுமை ஆகலாம் என்ற என் எண்ணங்களும் இத்தனை ஆண்டுகளில் நிறம் மாறியிருக்கும். உள்ளிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளைதான். பழைய டைரிகளை எடைக்குப் போட மனம் வராததற்கு இதுவே காரணம். இருபது வயதிலிருந்து என்னை அறிந்த நண்பன், “முன்னாடி நீ இப்படிப் பேச மாட்டியேடா” என்றால், மறுத்துப் பேசத்தான் முதலில் நாக்கு எழும்புகிறது. அடக்கிக்கொண்டு, எதைச் சொல்கிறாய் என்று கேட்கிறேன்.