சூரைச்செடியின் கீழே

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் மிஷினில் குனிந்து, வீட்டுக்கு வந்தும் அடுப்படியில் நின்று, ராத்திரியில் தலையணை நனைய அழுகிற சகோதரியே! "எனக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு"ன்னு உன்னையே குற்றப்படுத்துகிறாயோ?

எலியாவைப் பார். சாகவேண்டுமென்று படுத்தவனை ஆண்டவர் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. (எங்களைப்போன்ற ஊழியக்காரர் பண்ணியிருப்போம்!) சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டார். அப்புறந்தான் பேசினார்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரமாய் இல்லையா? வேலூர் பாகாயத்தில் 1957 முதல் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது; வீட்டாரும் கூடவே தங்கலாம். அங்கே போவது அவிசுவாசமல்ல. சாகணும்னு தோணினால் விடியும்வரை காத்திராதே. பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பு. 14416க்கு போன் பண்ணு, ராத்திரியிலும் எடுப்பார்கள்.