யார் வீட்டு வாசல்?

“புல்லட்ல ஆயில் ஒழுகலைன்னா, உள்ளே ஆயிலே இல்லைன்னு அர்த்தம்!”

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இந்த ஜோக்கை ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்கள். நானும் பல வருஷம் சொல்லிச் சிரித்தேன்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்ததில் நம்ம ஊரிலேயே தயாராக ஆரம்பித்தது புல்லட். திருவொற்றியூர் தொழிற்சாலையில் உருவான வண்டி. ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளில் காற்று பட்டுத்தான் சூடு தணியும். பக்கத்து ராயபுரத்துக்காரனான எனக்கு அதில் சொந்தக்காரப் பெருமை வேறு! வயசான வண்டி, நாலு சொட்டு விடத்தான் செய்யும் என்று இருந்துவிட்டேன்.

மாடியில் நான், கீழ்வீட்டில் ஒரு ஆயா. வாசல் இருவருக்கும் பொது. ஒருநாள் காலை கவனித்தேன். ஆயாவின் கோலம் வாசலுக்கு நடுவில் இல்லை. ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது.

“ஏன் ஆயா, கோலம் ஓரமாப் போயிடுச்சு?”

“அங்க எண்ணெய்ப் பிசுக்கு தம்பி. சோப்புத்தூள் போட்டுத் தேச்சும் போவல. அதான் தள்ளிப் போட்டுட்டேன்.”

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் சுட்டது.

அன்றைக்கே திருவொற்றியூர் மெக்கானிக்கிடம் போனேன்.

“நல்லா டைட் பண்ணிக் குடுங்கண்ணே.”

“இன்னும் டைட்டா? நீ பண்ண டைட்டுலதான் சார் ஒழுவுது!”

இன்ஜினைக் கழுவித் துடைத்தார். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டார். எண்ணெய் சொட்டுகிற இடம் ஒன்று. கசிகிற இடம் வேறு. ஓடும்போது காற்று அதை இழுத்துப் பூசிவிடும். பவுடரில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ, அங்கேதான் குற்றவாளி! கிளட்ச் பக்கத்து மூடியின் விளிம்பில் ஆரம்பித்தது கோடு. அந்த மூடியை நடுவில் ஒரே ஒரு நட்தான் பிடித்திருக்கும். ஒழுகுகிறதே என்று நான் முறுக்க முறுக்க, நடுப்பாகம் உள்வாங்கி விளிம்பு கோணிவிட்டது. கழற்றிச் சமப்படுத்தி, புது ரப்பர் வளையம் போட்டு, அளவாக முடுக்கினார். அரைநாள் வேலை. குடும்பத்தோடு சினிமாவுக்குப் போகிற செலவு.

இதை ஏன் இத்தனை வருஷம் செய்யவில்லை? ‘சின்ன விஷயம், பொறுத்துக்கலாம்’ என்றுதான். ஆனால் பொறுத்துக்கொண்டது யார்? வண்டி என்னுடையது, ஜோக் என்னுடையது. பிசுக்கு மட்டும் ஆயாவுடையது. என் பொறுமை என்று நினைத்து, அவருடைய பொறுமையை அவரைக் கேட்காமலே செலவழித்திருக்கிறேன்.

2017 ஜனவரி 28-ம் தேதி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில், பாதிப்பு எதுவும் இல்லை என்றுதான் செய்தி வந்தது. அப்புறம் கரையோரமெல்லாம் கறுப்புக் குழம்பு. வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். படகும் வலையும் கறுத்தன. என் நாலு சொட்டை இதோடு ஒப்பிடலாமா? அளவில் கூடாது. ஆனால் கேள்வி ஒன்றுதான். ‘பெரிசா ஒண்ணுமில்லை’ என்று சொல்கிறவரின் வாசலிலா அது விழுகிறது?

குறையே இல்லாத இன்ஜின் கிடையாது, மனுஷனும் கிடையாது. “பழசு சார், எப்பவாவது ஒரு சொட்டு வரும். தட்டு வெச்சுக்க” என்றுதான் மெக்கானிக்கும் அனுப்பினார். இப்போது வண்டிக்கடியில் ஒரு தகரத் தட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைப்பது என் வேலை. நம் குறையை முழுசாக நிறுத்த முடியாமல் போகலாம். அது நம் தட்டில் விழும்படி பார்த்துக்கொள்ள முடியும்.

கோலம் இன்னும் நடுவுக்கு வரவில்லை. கறை போக நாளாகும் போலிருக்கிறது. ஆயாவிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. சோப்புத்தூள் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.