முள் கம்பும் ஆறு மணி நேரமும்



'நிஷ்காம்ய கர்மம்' என்ற சொல்லைச் சமய வகுப்பில் கேட்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். பலனை எதிர்பார்க்காமல் செய்யும் வேலை. பரீட்சைக்கு எழுதும் அளவுக்கு எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும்? சொல்லுங்க பார்ப்போம்.

ரமண மகரிஷியிடம் இதை ஒருவர் நேராகவே கேட்டார். வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியில் தெலுங்குப் பண்டிதராக இருந்த ரங்காச்சாரி. மகரிஷி பதிலே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மலை மேல் நடந்தார். பண்டிதரும் சிலரும் பின்னாலேயே போனார்கள். வழியில் முள் நிறைந்த கம்பு ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முள்ளை ஒவ்வொன்றாகச் சீவினார். கணுக்களைத் தேய்த்துச் சமப்படுத்தினார். சொரசொரப்பான இலையால் முழுக் கம்பையும் மெருகேற்றினார். ஆறு மணி நேரம்! முள் கம்பு இவ்வளவு அழகாக வருமா என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். திரும்பும் வழியில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன், கையில் இருந்த கோலைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டு நின்றான். மகரிஷி புதுக் கம்பை அவனிடம் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். தன் கேள்விக்கு இதுதான் பதில் என்று பண்டிதர் புரிந்துகொண்டார்.

இது ஒரு நாள் பாடத்துக்காக நடத்திய காட்சி என்று நினைத்துவிடக் கூடாது. மகரிஷியின் வாழ்க்கையே அப்படித்தான் இருந்தது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்தவர், 1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது. கோடை வந்தால் அங்கே இருக்க முடியாமல் மாமரக் குகைக்கு இடம் மாறுவார்கள். பிறகு 1922 வரை கந்தாசிரமம். 'கந்தாசிரமம்' என்றதும் நமக்குப் பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த இடத்துக்குப் பெயர் வந்தது கந்தசாமி என்ற அடியார் ஒருவரால். சப்பாத்திக் கள்ளியும் பாறையுமாகக் கிடந்த சரிவை வெட்டிச் சமப்படுத்தியவர் அவர். பக்கத்தில் வற்றாத சுனை. அதனால்தான் அங்கே வாழ முடிந்தது.

சாப்பாடு ஊருக்குள் போய் வாங்கி வரும் பிட்சை. அப்போது பாடிக்கொண்டு போவதற்காகப் பிறந்ததுதான் அட்சரமணமாலை. கிடைத்ததை எல்லாம் ஒன்றாகக் கலந்து சாப்பிடுவார்கள். உப்பு இல்லையென்றால் உப்பில்லாமலே. இன்றைக்கு உப்பு கேட்டால் நாளைக்கு மனசு பருப்பு கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. கோவணம் கிழிந்தால் முள்ளையே ஊசியாக்கி, அதே துணியிலிருந்து நூலை உருவித் தைத்துக்கொண்டார் மகரிஷி. பொறியியல் படிக்கிற எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம். வெளியிலிருந்து ஒரு பொருளும் வாங்காமல் முடிந்த ரிப்பேர்! எங்கள் பட்டறை வகுப்பில் இதற்கு எத்தனை மார்க் கொடுப்பார்களோ தெரியாது.

இதையெல்லாம் நம் வட்டத்தில் பேசியபோது ஒரு தம்பி கோபமாகவே கேட்டார். "அண்ணே, பலனை எதிர்பார்க்காம வேலை செய்ங்கன்னுதானே நம்ம தாத்தா பாட்டியையும் தோட்டத்துல வச்சிருந்தாங்க? அதுல என்ன ஆன்மிகம்?"

இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தாண்டிப் போகக் கூடாது. என் பாட்டி கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் வாழ்ந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கணும். பால் வெட்டி முடித்து வந்த பிறகுதான் வீட்டு வேலையே தொடங்கும். பொதுக் குழாயில் வரிசை நின்று தண்ணீர் தூக்குவது, ரப்பர் கட்டை பிளந்து அடுப்பு மூட்டுவது, மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது, ஒழுகும் தகரக் கூரைக்குத் தார் பூசுவது. அவருக்கு வேறு வழி கொடுக்கப்படவில்லை. அவர் உழைப்பின் பலன் வேறு எங்கோ போனது. அதற்கு நிஷ்காம்ய கர்மம் என்று பெயர் வைப்பது பாவம் என்றுதான் நான் சொல்வேன். பலனை விடுவது வேறு. பலனைப் பிடுங்கிக்கொள்வது வேறு. கூலி கேட்பதை மகரிஷியின் கதை தடுக்கவில்லை. அந்தக் கம்பைச் சீவச் சொல்லி எந்தக் கங்காணியும் அவருக்கு உத்தரவு போடவில்லை. அதை விற்று யாரும் லாபம் பார்க்கவும் இல்லை. தேவைப்பட்டவன் கைக்கு அது போனது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரமணாசிரமம் வளர்ந்து பெரிதான பிறகும் மகரிஷி அதிகாலையில் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். பந்தியில் தனக்கு மட்டும் கூடுதலாக எதுவும் பரிமாற விடமாட்டார். வேலையைக் கீழே தள்ளிவிட்டுச் சுகத்தை மேலே வைத்துக்கொள்ளும் இடத்தில்தான் சுரண்டல் வரும். அங்கே அது தலைகீழாக இருந்தது.

அந்தச் சமையலறையில் வேலை செய்த சம்பூர்ணம்மாள் சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆசிரமத்துக்குக் கத்தரிக்காய் குவிந்துவிட்டது. நாள்தோறும் கத்தரிக்காய்தான். காம்புகள் மட்டும் ஒரு குவியலாகக் கிடந்தன. அதையும் கறி செய்யச் சொன்னார் பகவான். மாடு கூடச் சாப்பிடாதே என்று சம்பூர்ணம்மாளுக்குத் திகைப்பு. மணிக்கணக்கில் வேகவைத்தும் இரும்பு ஆணி மாதிரியே இருந்ததாம். பகவான் நடுநடுவே வந்து கிளறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். கடைசியில் பந்தி நேரத்தில் வெந்துவிட்டது. பகவான் மட்டும் இரண்டாம் முறை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

இனி நம்ம கதை. 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் தண்ணீர் நின்றது. நம் அடுக்குமாடிகள் ஒரே நாளில் மலைக்குகை ஆகிவிட்டன. தண்ணீர் லோரிக்குப் பின்னால் வாளியோடு நின்றது யார், அதைப் படியேற்றித் தூக்கியது யார், குளியலறை வாளியைக் கடைசி வரை பார்த்துப் பார்த்துச் செலவழித்தது யார் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அம்மா என்றுதான் பதில் வரும். கோயில் கோத்தோங் ரோயோங்கில் துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் நாம், வீட்டுக் குழாய் சொட்டினால் வாஷர் மாற்றுவதில்லை. முதலாவது தொண்டு, இரண்டாவது வெறும் வேலை என்று யார் நமக்குப் பிரித்துக் கொடுத்தது? மகரிஷி அப்படிப் பிரித்ததாக நான் எங்கேயும் படிக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நம் கோயில் மடப்பள்ளியின் கால்வாயைத் தோண்டிச் சுத்தம் செய்கிறோம். அன்னதானக் கழிவு அடைத்து மூன்று வாரமாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பழைய துணியும் ரப்பர் காலணியும் போட்டு வாருங்கள். மண்வெட்டி இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள். கைபேசி வேண்டாம், கை அழுக்காக இருக்கும்.