பட்டமும் பிழைப்பும்

பட்டம் பெற்றவன் ஒருவன் வேலையின்றி வீட்டிலிருப்பானாயின், அப்பட்டத்தின் மதிப்பு யாது? எங்கள் தோட்டத்து லயத்தில் ஓராண்டிற்கு மேலாக இக்கேள்வி பலர் வாயில் அடிபட்டு வருகின்றது. கேட்பவர்கள் எல்லோரும் விடையை நாடிக் கேட்பவர்களல்லர். பிறர் வீட்டுக் கவலையில் சற்று இளைப்பாறக் கேட்பவர்களும் உண்டு. யானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதத் தொடங்குகின்றேன்.

அவ்விளைஞனின் பெயர் ஈண்டு வேண்டா. தந்தையார் செம்பனைக் குலை வெட்டுபவர். நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தாயார் உதிரிப் பழம் பொறுக்குபவர். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டில்தான் 1,700 வெள்ளியாயிற்று. மகன் கல்லூரியிலிருந்த காலத்தில் அதனினும் குறைவு. அந்த வருமானத்தில் மிச்சம் பிடித்தும், 1997இல் ஏற்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தில் கடன் எடுத்தும், இரசாயன சாஸ்திரத்தில் அவனைப் பட்டதாரியாக்கினார்கள். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவன் நிற்கும் படம் வீட்டின் முன்சுவரில் மாட்டப்பட்டது. லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுச் சென்றார்கள்.

அதன்பின் பதினான்கு மாதங்கள் அவன் வேலை தேடினான். ஆலையின் எடை மேடையில் ஓர் இடம் காலியாயிற்று. லாரிகளை நிறுத்தி எடை குறிக்கும் வேலை. யான் சொல்லிவிட்டிருந்தேன். தாயார் ஆபீசுக்கே வந்துவிட்டார். "லாரி நிறுக்கவா படிக்க வைத்தோம், கிராணி ஐயா? அதற்கு ஆறாம் வகுப்பு போதுமே" என்றார். கண்ணீர் இல்லை, கோபமே இருந்தது. அக்கேள்விக்கு என்னால் மறுமொழி கூற முடியவில்லை. இக்கட்டுரை அவ்வம்மையாருக்கு யான் அன்று சொல்லாது விட்ட மறுமொழி எனக் கொள்க.

முதலில் என் நெஞ்சைச் சோதித்துக் கொள்ளல் வேண்டும். யான் ஆங்கிலத்தில் கல்வி கற்றவன். பரீட்சையில் தேறியும், வீட்டு நிலையால் சர்வகலாசாலையின் வாயிற்படி ஏறாதவன். சில ஆண்டுகட்கு முன் வேறொரு தோட்டத்தில் எனக்கு வரவேண்டிய உயர்வு, பட்டமில்லாக் காரணத்தால், வெளியிலிருந்து வந்த ஒருவருக்குச் சென்றது. வந்தவருக்குச் செக்ரோல் எழுதத் தெரியாது. பேர் போடும் முறையையும், வெட்டுக் கணக்கையும், முன்பணம் பிடிக்கும் விதத்தையும் யானே ஆறு மாதம் கற்பித்தேன். கற்பித்துக்கொண்டே, "இதோ பட்டத்தின் இலட்சணம்!" என்று கடைத்தெருவில் நண்பர்களிடம் பேசி மகிழ்ந்தேன். நெடுநாள் இக்கதை என்னிடத்தில் விலைபோகும் சரக்காக இருந்தது.

ஆனால் அக்கதையின் பின்பகுதியை யான் எவரிடமும் சொன்னதில்லை. ஏழாம் மாதத்தில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பொது விடுமுறை நாளில், வழக்கமான நேரத்திற்கு மேலும் வேலை செய்த லாரி ஓட்டுநர்களுக்கு நாம் ஒன்றரை மடங்கு கூலி எழுதுகிறோமே, அது எந்த விதிப்படி என்றார். "இங்கே வழக்கம் அதுதான்" என்றேன். எனக்கு முன்னிருந்த கிராணி அப்படியே எழுதினார். அவருக்கு முன்னிருந்தவரும் அப்படியே எழுதினார். அவர் ஒன்றும் சொல்லாமல் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தார். சாதாரண நாளின் மிகை வேலைக்கே ஒன்றரை மடங்கு. ஓய்வு நாளின் மிகை வேலைக்கு இரு மடங்கு. பொது விடுமுறை நாளில் வழக்கமான நேரத்தைக் கடந்த வேலைக்கு மணிக்கூலியைப் போல் மும்மடங்கிற்குக் குறையலாகாது. சட்டத்தில் இது தெளிவாகவே இருந்தது. சட்டப் புத்தகமும் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. யான் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன். அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு. ஓட்டுநர்கள் பாக்கியைப் பெற்றார்கள்.

அவர் என்னினும் கூர்மையான மதியுடையவர் அல்லர் என்றே இன்றும் நினைக்கின்றேன். கணக்கில் என் கை விரைவு. எனினும் "வழக்கம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் மூலத்தைத் தேடிச் செல்லும் ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது, என்னிடம் இல்லை. நூல் நிலையத்தில் உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொன்னதோடு ஒத்துப் பார்த்து, ஆசிரியர் கூற்றையும் ஐயுற்று மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தவருக்கு அப்பழக்கம் வருகின்றது. எல்லாப் பட்டதாரிகளுக்கும் வருவதில்லை. பட்டமில்லாதவருக்கு வராது என்பதும் இல்லை. ஆனால் அதை வளர்க்கவென்றே ஏற்பட்ட இடம் அதுதான்.

பட்டத்தின் மதிப்பை இவ்வாறு பார்க்காமல், அதனைச் சந்தைச் சரக்காகவே பார்ப்போமாயின் ஏமாற்றம் உறுதி. தாளின் விலை என்றும் ஒரே நிலையில் நின்றதில்லை. வெள்ளையர் ஆட்சியில் இரப்பர்த் தோட்டங்களில் சிறிது ஆங்கிலம் தெரிந்தவரே கிராணியாராகிவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் அவ்வாறு வந்தவர் பலர். பால் வெட்டிய நம் பாட்டன்மாரின் பிள்ளைகளுக்கோ, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி தோட்டத்தார் வைத்த தமிழ்ப் பள்ளிக்கூடமே எல்லை. பின்னர் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறினால்தான் நல்ல உத்தியோகம் என்றாயிற்று. 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. இன்று மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மாத்திரம் 20. தாள் பெற்றவர் தொகை பெருகப் பெருகத் தாளுக்குக் கிடைக்கும் இடம் ஒரு படி கீழிறங்கும். இந்நாட்டுப் பட்டதாரிகளுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் தம் படிப்பிற்குக் கீழ்ப்பட்ட வேலையிலேயே இருக்கின்றனர் என்பது அரசாங்கப் புள்ளிவிவரத் துறையின் கணக்கு. ஆகவே எங்கள் லயத்து இளைஞனுக்கு நேர்ந்தது அவன் ஒருவன் தலையில் மாத்திரம் விழுந்ததன்று. தோட்டத்தில் அவன் ஒருவனே பட்டதாரி ஆதலால் அப்படித் தோன்றிற்று.

இக்கணக்கைக் காட்டி, "பட்டம் எதற்கு? கைத்தொழில் போதும்" என்று நமக்கு உபதேசம் செய்யும் கனவான்கள் சிலருண்டு. கைத்தொழில் உயர்ந்ததே, அரசாங்கச் சான்று பெற்ற கொதிகலக்காரர் இல்லாமல் எந்த ஆலையும் ஓடாது. ஆனால் அக்கனவான்களின் சொந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர் என்று விசாரித்துப் பார்த்தல் நலம். நிலமும் கடையும் உடையவனுக்குப் பட்டம் ஓர் அணிகலன். தோட்ட வீட்டையும் வேலையோடு இழக்கக்கூடிய தொழிலாளிக்கு அது வெளியேறும் வழிகளுள் ஒன்று. மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலர் ஆகிய துறைகளில் பட்டமின்றி உள்ளே கால் வைக்கவும் இயலாது. இரசாயனத்திலும் அப்படியே. 1975ஆம் ஆண்டின் இரசாயனர் சட்டப்படி, பட்டமும் அனுபவமும் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே இரசாயனர் என்ற பெயரில் தொழில் நடத்தலாம். இதில் "அனுபவமும்" என்ற சொல்லை மறவாதிருக்க வேண்டும்.

இனி அத்தாயாரின் கேள்விக்கு வருவோம். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. குனிந்து குனிந்து பழம் பொறுக்கியவர் தம் மகன் நாற்காலியில் அமர்வதைக் காண விரும்புவது குற்றமா? ஆயினும் அக்கோபத்தினுள் வேறொன்றும் ஒளிந்திருக்கின்றது. கை அழுக்காகும் வேலை தாழ்ந்தது, அழுக்காகாத வேலை உயர்ந்தது என்னும் எண்ணம் நமக்குக் கல்விச்சாலை கொடுத்ததன்று. அது பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்தவர்கள் நம் மூளையில் ஏற்றி வைத்தது. சாதியை எதிர்த்துப் பேசும் நாமே, பட்டத்தைக் கொண்டு வீட்டிற்குள் புதியதொரு சாதியை உண்டாக்கி, அதில் மகனை மேலும் பெற்றோரைக் கீழும் வைத்துவிடுகிறோம். அப்பையனும் அதை உணர்ந்திருந்தான் போலும். தந்தை வேலை முடிந்து வரும் நேரத்தில் வெளித் திண்ணையில் உட்காருவதை அவன் விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வெட்கத்தினாலோ, குற்ற உணர்ச்சியினாலோ, யானறியேன்.

பிள்ளை தன் கல்விக்கேற்ற இருக்கை கிடைக்கும்வரை காத்திருத்தல் பெற்றோருக்குச் செய்யும் மரியாதை என்று பலர் கருதுகின்றனர். அவர்கள் உழைத்துக் கொடுத்த பணம் இருக்கைக்கு முன்பணமாகக் கட்டப்பட்டிருந்தால் அது சரி. யானறிந்தமட்டில் அப்படி எவரும் ரசீது கொடுக்கவில்லை. அப்பணத்தால் அவன் பெற்றது, பார்க்கவும் சோதிக்கவும் தெரிந்த ஒரு மனம். அம்மனம் பதினான்கு மாதம் சும்மா கிடந்தால்தான் பெற்றோரின் உழைப்பு வீண்.

சும்மா கிடந்ததா என்று அவன் சினந்து கேட்டான். நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பியிருக்கிறானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை என்னிடம் காட்டச் சொன்னேன். பார்த்து வியந்தேன். நூறும் ஒரே கடிதம்! கம்பெனியின் பெயர் மாத்திரம் மாறியிருந்தது. தான் ஊக்கமும் நேர்மையும் கூட்டுறவு மனப்பான்மையும் உடையவன் என்று நூறு பேருக்கு அறிவித்திருந்தான். என்ன சோதனை செய்யத் தெரியும் என்று ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. கடிதம் பெறும் இடத்தில் என்ன வேலை நடக்கின்றது என்றும் விசாரித்திருக்கவில்லை. ஆபீசில் வரும் விண்ணப்பங்களைத் திறப்பவன் யான். அத்தகைய கடிதத்திற்கு என் மேசையில் அரை நிமிடம்கூடக் கிடைப்பதில்லை என்பதை மறைக்காமல் சொன்னேன்.

பிறகு, "நீ ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தாய்?" என்று கேட்டேன். அமிலத்தின் அளவைக் காண்பது, நீரின் தூய்மையைச் சோதிப்பது என்று தயங்கித் தயங்கித் தொடங்கியவன், சிறிது நேரத்தில் முகம் மலர்ந்து பேசலானான். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் சன்னல் வழியே ஆலைக் கழிவுக் குளத்தின் நாற்றம் வந்துகொண்டிருந்தது. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் உண்டாகின்றது. 1977ஆம் ஆண்டின் விதிகளின்படி அந்நீரைச் சோதித்துச் சுற்றுச்சூழல் துறைக்குக் கணக்குக் காட்டாமல் ஆற்றில் விடலாகாது. குப்பியில் எடுத்த நீரை 30 பாகைச் சூட்டில் மூன்று நாள் வைத்து, அது எவ்வளவு பிராணவாயுவை உண்கிறது என்று பார்க்கிறார்கள். எண்ணெயிலும் அப்படியே: அடிபட்ட பழத்திலும் நாட்பட்ட பழத்திலும் கொழுப்பமிலம் ஏறிவிடும், அது நூற்றுக்கு 5 பங்கிற்கு மேற்பட்டால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் நாள்தோறும் சோதித்துக்கொண்டிருக்கிறார். "யார் அவர்?" என்று கேட்டேன். பிறந்தது முதல் அந்நாற்றத்தை முகர்ந்து வளர்ந்த இரசாயனப் பட்டதாரிக்குத் தெரியவில்லை.

அவனைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. சட்டப் புத்தகம் என் அலமாரியிலேயே இருந்ததை முன்னரே சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஆய்வுக்கூடத்தில் ஐயுறவும் விசாரிக்கவும் கற்றவன், அப்பழக்கத்தை வேலை தேடுவதில் பயன்படுத்தலாமென்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. வேலை என்பது விளம்பரம் வந்தபின் விண்ணப்பித்துப் பெறும் பிச்சை என்றே அவனும் எண்ணினான். வள்ளுவர் கல்விக்கு 40ஆம் அதிகாரத்தை வைத்து, ஊக்கமுடைமைக்கு 60ஆம் அதிகாரத்தைத் தனியே வைத்தார். ஒன்று வந்தால் மற்றொன்றும் தானே வந்துவிடும் என்று அவர் நம்பவில்லை போலும். (இதற்கிடையில் அவன் வீட்டார் ஒரு சோதிடரிடம் 300 வெள்ளி கொடுத்து, சனி நீங்கும் நாளைக் கேட்டு வந்தார்கள். அப்பணத்தில் நான்கைந்து பட்டணங்களுக்குப் பேருந்தில் போய்வந்திருக்கலாம்.)

மறு வாரம் அவன் ஆலைக்குச் சென்றான். ஆய்வறையில் காலி இடம் இல்லை என்றார்கள். முன்போலாயின் அத்தோடு திரும்பியிருப்பான். இம்முறை, கழிவுநீரின் மாதிரிகளை எந்தச் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டு, அவ்வூருக்குப் பேருந்து ஏறினான். அங்கும் முதல் நாள் காவற்காரரைத் தாண்ட முடியவில்லை. இரண்டாம் முறை ஒரு பெண்மணி பத்து நிமிடம் பேசினார். அவர் பதிவு பெற்ற இரசாயனர், தமிழர் அல்லர். மூன்றாம் முறை அவர் கேட்ட கேள்விகள் இரண்டிற்கு இவனுக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்லி, வீட்டிற்கு வந்து படித்து, விடையை எழுதி அனுப்பினான். அக்கடிதத்தை யான் பார்த்தேன். அதில் ஊக்கம், நேர்மை என்ற சொற்கள் இல்லை. எண்களே இருந்தன.

இப்போது ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆலைதோறும் சென்று மாதிரி நீர் எடுத்து வருகிறான். முழங்கால் அளவு காலணி, கையுறை, குப்பிகள் நிறைந்த பெட்டி. சம்பளம் அவன் எதிர்பார்த்ததில் பாதிதான். தாயார் அண்டை வீட்டாரிடம் "கோலாலம்பூர்க் கம்பெனியில் வேலை" என்று மாத்திரம் சொல்லி வைத்திருக்கிறார். சென்ற வெள்ளியன்று எங்கள் ஆலைக் குளத்திற்கே மாதிரி எடுக்க வந்தவன், சேறு படிந்த காலணியோடு ஆபீசின் பின்வாயிலில் நின்று, இந்த ஒப்பந்தம் முடியுமுன் வேறு மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருப்பதாகவும், ஞாயிறன்று விண்ணப்பம் எழுத வருவதாகவும் சொன்னான். தாளும் மேசையும் தேநீரும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். எழுதுவது அவன் பொறுப்பு.