பாலூட்டும் கடமை யாருக்கு?

தாய்மையைத் தெய்வமென்று போற்றிவிட்டால் நம் கடமை முடிந்ததென எண்ணிக்கொள்கிறோம். மீனாட்சிபுரத்திற்கும் பொள்ளாச்சிக்கும் இடையே மாநில எல்லை உண்டு. உறவுக்கு எல்லை இல்லை. தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வாள். அங்கே அவள் 'பச்சை உடம்புக்காரி'. பூண்டும் பத்தியச் சோறும் கொடுத்து, இரவில் பிள்ளையை ஏந்திக்கொள்ள இன்னொரு கை இருந்தது. அவ்வழக்கில் பிழையும் உண்டு. சேனை தொட்டு வைத்தார்கள். மஞ்சள் நிறச் சீம்பாலைப் பிழிந்து கொட்டினார்கள். நோயெதிர்ப்பு ஆற்றல் நிறைந்த அந்த முதற்பாலையே, பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் புகட்டுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிழையைக் களைந்தோம், நன்று. கூடவே அந்தக் கையையும் இழந்தோமே!

பச்சிளங்குழவி ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் கேட்கும். இரவு பகல் அறியாது. பிழைக்க வந்த ஊரில், தாயோ மாமியாரோ அருகில்லாத வீட்டில், மார்பு புண்பட்டு அழுபவளிடம் "பெற்றவள்தான் பொறுக்க வேண்டும்" என்பது அறமாகுமா? பால் சுரப்பது அவள் உடம்பில். அவளுக்கு வேண்டிய சோறும் உறக்கமும் பிறர் தர வேண்டியவை அன்றோ?

சட்டம் இதனை ஓரளவு உணர்ந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், இடுக்கித் தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களில், பெண்கள் மிகுதியாக வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் அமைக்கச் சொன்னது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாள்தோறும் இரு இடைவேளைகள் அளித்தது. முதலாளிக்கு உரைத்த கடமை கணவனுக்கு இல்லையா? பாலூட்ட இயலாதுதான், துணி மாற்றி, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யலாமே. நள்ளிரவில் பிள்ளை அழுதபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டவருள் நானும் ஒருவன்.